பன்னண்டு உருண்டை

கொஞ்சம் காலத் தள்ளி வெச்சுக்குங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. சீட்டுக்கு அடியில அந்தப் பச்சைப் பை இருக்குல்ல, அது மேல உங்க கால் படுது. ரெண்டு நாளா பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். நீங்க தெரியாமத்தான் வைக்கிறீங்க, தெரிஞ்சு வைக்கிற ஆளு மாதிரி இல்ல. அதான் இப்பச் சொன்னேன்.

டெல்லியில ஏறுனதுலருந்து எதுத்த எதுத்த சீட்டு, ஒரு வார்த்தை பேசிக்கல பாருங்க. நீங்க போன்ல பேசுறதக் கேட்டுத்தான் நம்ம பக்கம்னு தெரிஞ்சுது. திருச்சியில எறங்குறீங்க, அப்படித்தான? எனக்கு அதுக்கு அடுத்தது, திண்டுக்கல். இப்ப விழுப்புரம் தாண்டியாச்சு. உங்களுக்கு இன்னும் ரெண்டு ரெண்டரை மணி நேரம் இருக்கு. அது போதும்.

காலையில என் தண்ணி பாட்டில் மூடிய நீங்களாவே வாங்கித் திறந்து குடுத்தீங்களே, அப்பவே நெனச்சேன், இந்தப் புள்ளைகிட்டப் பேசலாம்னு. கை விரல் எல்லாம் நல்லா நீளமா இருக்கு உங்களுக்கு. ஆரஞ்சுப் பழத்த உரிச்சீங்களே, தோலு ஒரே துண்டா வந்துச்சு. நான் பாத்தேன்.

ஆமா, மலையேறுறவங்க பைதான். சரியாக் கண்டுபிடிச்சிட்டீங்க. ஆனா என்னுது இல்ல. என் மச்சினன் தவமணியோட பை. என் சம்சாரத்துக்குக் கூடப் பொறந்த தம்பி. ஆளு இப்ப இல்ல. மூணு வருஷமாச்சு. அச்சச்சோன்னு சொல்லாதீங்க, எல்லாரும் மொதல்ல அச்சச்சோம்பாங்க, அப்புறம் என்னைய ஒரு பார்வை பாப்பாங்க. ஊரு வாய மூட உலைமூடி ஏது? ஆனா நீங்க வெளியூரு. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு.

அந்தப் பை எவ்ளோ எடை இருக்கும்னு நெனைக்கிறீங்க? சும்மா சொல்லுங்க. பதினஞ்சா? இல்ல தம்பி. பதினோரு கிலோ இருநூத்தி நாப்பது கிராம், நான் கட்டுன அன்னைக்கு. எனக்குத் தொழிலே அதான். திண்டுக்கல் காய்கறி மார்க்கெட்ல சங்கிலிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, தராசு ரிப்பேர்காரரான்னு கேப்பாங்க. எலக்ட்ரானிக் தராசு, தொங்குற தராசு, மேடைத் தராசு, எல்லாம் பாப்பேன். முள்ளு ஒரு மயிரிழை சாஞ்சாலும் எனக்குத் தூக்கம் வராது. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். அது தொழில் மட்டும் இல்ல, அது என் புத்தி.

இன்னொண்ணும் சொல்லணும். நான் குருசாமி. இருபத்திரெண்டு வருஷம் சபரிமலைக்குப் போனவன், அதுவும் பெரிய பாதையில, காட்டு வழியா, செருப்பில்லாம. எங்க குழுவுல நாப்பது பேருக்கு இருமுடி கட்டுறது நான்தான். உங்க வீட்டுல யாராச்சும் மாலை போடுவாங்களா? அப்பத் தெரிஞ்சிருக்கும். குருசாமி கட்டுனத சாமிமாரு பிரிக்கக் கூடாது. தலையில ஏத்தி விடுறதும் குருசாமி, எறக்கி விடுறதும் குருசாமி. அவரு வந்து பிரிக்கிற வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு கூடப் பாக்க மாட்டாங்க. அவ்ளோ நம்பிக்கை. என் முடிச்சு அவுந்துச்சுன்னு இருபத்திரெண்டு வருஷத்துல ஒருத்தன் சொன்னதில்ல.

தவமணி இருபத்தஞ்சு வயசுலருந்து என்கூட மலைக்கு வந்தான். அவங்க அம்மா செத்தப்ப அவனுக்கு ஏழு வயசு. என் சம்சாரம் பஞ்சவர்ணம்தான் வளத்தா. எங்க வீட்டுலயேதான் இருந்தான். பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டெண்ட். பொண்ணு பாத்துக்கிட்டே இருந்தோம், அமையல. நாப்பத்தி ஒரு வயசு. கொஞ்சம் தொந்தி, தட்டைப் பாதம், மெதுவாத்தான் நடப்பான். ஆனா நடப்பான். நான் சொன்னா எதையும் கேப்பான். வீட்டுல மாமாம்பான், மாலை போட்டா சாமிம்பான்.

இமயமலைக்குப் போகணுங்கிற ஆசை அவனோடதுதான். இத நான் எல்லாருகிட்டயும் சொல்றேன், யாரும் காதுல வாங்குறதில்ல. போன்ல ஒரு வீடியோ பாத்துட்டு, மாமா இங்க பாருங்க, பனியில நடக்குறாங்கன்னு காட்டுனான். காட்டுனானா இல்லையா? அப்புறம் நான் விசாரிச்சு, வழியெல்லாம் எழுதி வாங்கி, ரயிலுக்கு டிக்கெட் போட்டுட்டு அவங்கிட்டச் சொன்னேன். ஒம்போது நாள் நடை. ஒரு பள்ளத்தாக்குல ஏறி, பதினாறாயிரம் அடியில ஒரு கணவாயத் தாண்டி, அந்தப் பக்கம் எறங்கணும். ஊரு கிடையாது, கடை கிடையாது. டென்ட்டு, அடுப்பு, சாப்பாடு எல்லாம் முதுகுலதான். பஞ்சவர்ணம் கேட்டா, வழிகாட்டி இல்லாமயான்னு. பெரிய பாதைக்கு எனக்கு யாருடி வழி காட்டுனதுன்னு கேட்டேன்.

இந்த மாதிரி நடைக்கு எடைதான் எல்லாம் தம்பி. தெரிஞ்சவங்க பல்லு வெளக்குற பிரஷ்ஷையே பாதியா வெட்டிருவாங்க. நான் வெட்டுனேன். சட்டையில ஒட்டியிருக்குற கம்பெனித் துணியப் பிச்சேன். ரெண்டாவது ஜோடிக் கையுறை தொண்ணூறு கிராம், வேண்டாம்னு எடுத்து வெச்சேன். பையோட வாய மூடுறதுக்குப் பிளாஸ்டிக் கொக்கி நாலு இருந்துச்சு. நாலும் சேந்து அறுபத்தி அஞ்சு கிராம். அறுத்துப் போட்டுட்டேன். ஒரு சாண் கயிறு மூணு கிராம்தான? இருமுடி கட்டுறவனுக்கு எதுக்கு கொக்கி?

அடுத்து எல்லாத்தையும் ரெண்டாப் பிரிச்சேன். ஆளுக்குப் பாதி. அவன் இளையவன்னு கூட வெக்கல, நான் மூத்தவன்னு கொறைக்கல. வீட்டுக் கூடத்துல தொங்குற தராச மாட்டி, மூணு நாளா மாத்தி மாத்தி வெச்சேன். எல்லாம் சரியா வந்த நேரத்துல பஞ்சவர்ணம் ஒரு மஞ்சப் பையக் கொண்டாந்து வைக்கிறா. பொருவிளங்கா உருண்டை. பன்னண்டு. தின்னுருக்கீங்களா? அரிசியும் பாசிப்பயிறும் வறுத்து, வெல்லப்பாகும் சுக்கும் தேங்காச் சில்லும் போட்டுப் புடிக்கிறது. கல்லு மாதிரி இருக்கும், மாசக்கணக்குல கெடாது. வாயில அதக்கிக்கிட்டே ஒரு மலை ஏறலாம். ஒண்ணு அம்பது கிராம், பன்னண்டு அறுநூறு கிராம். ஆறு போதும்டின்னேன். அதெல்லாம் முடியாது, பன்னண்டும் போகணும், எந்தம்பி பையிலதான் போகணும்னா. நீங்க கட்டுங்க, ஆனா அவன் பையில கட்டுங்கன்னா.

சரின்னு அவன் பையில வெச்சேன். வெச்சா முள்ளு சாயுதே. அதுக்காக அவங்கிட்ட இருந்த டென்ட்டுக் கம்பிய எடுத்து என் பையில வெச்சேன். டென்ட்டுத் துணி அவன்கிட்ட. அடுப்பு என்கிட்ட வந்துச்சு, கேஸ் டப்பா அவன்கிட்டப் போச்சு. அப்பத்தான் நின்னுச்சு முள்ளு. ரெண்டு பையும் பதினோரு கிலோ இருநூத்தி நாப்பது. ஒரு கிராம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்ல. நான் என் மக கோகிலாவக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னேன். அந்தப் போட்டோ இன்னும் போன்ல இருக்கு.

மொத அஞ்சு நாளு நல்லாத்தான் போச்சு. காலையில அவனுக்குப் பைய ஏத்தி விடுவேன், சாயங்காலம் எறக்கி விடுவேன், நான்தான் பிரிப்பேன். சபரிமலை மாதிரியே. வழியில பாத்த வெள்ளைக்காரன் ஒருத்தன் கூடச் சிரிச்சான். எங்களுக்குள்ள அது ஒரு விளையாட்டு மாதிரி.

ஒரே ஒரு நாளு, ரெண்டாவது நாளு மத்தியானம், நான் ஓடையில தண்ணி புடிச்சுட்டு வர்றேன், இவன் பையப் பிரிச்சு வெச்சுக்கிட்டு உள்ள கைய விட்டுத் துழாவிக்கிட்டு இருக்கான். என்னடான்னா, உருண்டை மாமா, ஒண்ணே ஒண்ணுன்னான். திருட்டுப் பூனை மாதிரி முழிச்சான் பாருங்க. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம். அடுக்குனதெல்லாம் கலஞ்சு போச்சு. துணி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். டேய், இது கணவாய் ஏறி முடிச்சப்புறம் ஆளுக்கு ஒண்ணு, அது வரைக்கும் தொடக் கூடாது, உங்கக்கா எதுக்குக் குடுத்தா, கஷ்டத்துக்குக் குடுத்தா, இப்ப என்ன கஷ்டம் உனக்குன்னேன். கையில எடுத்தத அப்படியே திரும்ப வெச்சான். இனிமே நான் இல்லாம இந்தப் பையப் பிரிச்ச, அவ்ளோதான்னு சொல்லிட்டு, கயித்த ஓடைத் தண்ணியில நனச்சு, ரெட்டை முடிச்சாப் போட்டேன். நனச்சுப் போட்டா அது காஞ்சு இறுகிக்கும். ஆனைக்குக் கட்டுனாலும் அவுராது. அதுக்கப்புறம் நாலு நாளு அவன் அதத் தொடவே இல்ல. சாயங்காலம் எனக்கே அத அவுக்கக் கால் மணி நேரம் ஆகும். ஆனாலும் தெனம் காலையில அதே மாதிரி நனச்சுத்தான் கட்டுனேன். ஒழுங்குன்னா ஒழுங்கு.

ஆறாவது நாளுதான் கணவாய். காலையில எந்திரிச்சதுமே தலை வலிக்குது மாமான்னான். தைலம் தேச்சு விட்டேன். இன்னைக்கு இங்கயே இருந்துட்டு நாளைக்கு ஏறுவமான்னு கேட்டான். வானம் அப்பத் தெளிவா இருந்துச்சு தம்பி, கண்ணாடி மாதிரி. சாப்பாடு ஒம்போது நாளைக்குத்தான் எடுத்துருக்கோம், கணக்குத் தப்பிரும். சரணம் சொல்லிக்கிட்டே ஏறுடா, தலைவலி பறந்துரும்னேன். ஏறுனான். நூறடிக்கு ஒரு தடவை நின்னு நின்னு ஏறுனான். மத்தியானம் மேகம் எறங்கிருச்சு. எதுத்த ஆளு தெரியல. கணவாய் உச்சியில ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நின்னோம், அங்க கல்ல அடுக்கிக் கொடி கட்டி வெச்சிருந்தாங்க, தொட்டுக் கும்பிட்டோம். உருண்டை மாமான்னான். கீழ போய்டா, இங்க நின்னா வெறச்சுப் போவோம்னேன்.

எறங்குறப்ப அவனால எட்டு வைக்க முடியல. நான் சொன்னேன், நான் முன்னால போயி டென்ட்டு அடிச்சு, டீ போட்டு வைக்கிறேன், நீ பாதையப் புடிச்சு மெதுவா வா, எங்கயும் பைய எறக்காத, பிரிக்காத, நான் வந்து எறக்கி விடுறேன்னு. தலைய ஆட்டுனான். சரிங்க சாமின்னான். மாலை போடாதப்ப அவன் என்னயச் சாமின்னு கூப்பிட்டதே இல்ல. அன்னைக்குக் கூப்பிட்டான்.

ஒரு மணி நேரம் எறங்கியிருப்பேன். கொஞ்சம் சமமா ஒரு எடம். பைய எறக்கிக் கம்பிய எடுத்து வெச்சுட்டு, துணிய எடுக்கலாம்னு கைய விட்டேன். அப்பத்தான் உறைச்சுது. துணி அவன்கிட்ட. சரி டீயாவது போடுவோம்னு அடுப்ப எடுத்து வெச்சேன். கேஸு அவன்கிட்ட. அடுப்ப வெச்சுக்கிட்டு, கம்பிய வெச்சுக்கிட்டு, பனியில உக்காந்திருந்தேன்.

ஏன் திரும்பி ஏறலன்னுதான கேக்க வர்றீங்க? எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. அப்பப் பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு தம்பி. ஏறி நான் அந்தப் பக்கம் போயி, அவன் இந்தப் பக்கம் வந்து, ரெண்டு பேரும் மாறிப் போயிட்டா? ஒரு ஆளு ஒரே எடத்துல நிக்கணும். அதான் புத்தி. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மூணு கம்பியையும் ஒண்ணுல ஒண்ணு சொருகி, நுனியில என் செவப்புத் துண்டக் கட்டி, தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவனுக்கு அடையாளம் தெரியணும்ல. கையுறை நனஞ்சு போச்சு, கழட்டிட்டேன். இரும்புக் கம்பி இல்ல, அலுமினியம், எடை கம்மின்னு வாங்குனது. விடிய விடிய புடிச்சுக்கிட்டு நின்னேன். சும்மா இல்ல தம்பி. இதோ பாருங்க. போர்வைக்குள்ளயே வெச்சிருக்கேன்னு பாத்தீங்கள்ல. வலது கையில கட்டை விரல் மட்டும்தான் முழுசு. இடது கையில அதுவும் இல்ல. டாக்டர் எடுத்துட்டாரு. நான் நிக்கலன்னு யாரும் சொல்ல முடியாது.

காலையில ஆடு மேய்க்கிறவங்க ரெண்டு பேரு என்னயப் பாத்துட்டு அவங்க கல்லு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. நாலாவது நாளு தவமணி கெடச்சான். பாதையவிட்டு வெலகி, ஒரு பள்ளத்துல. பை இல்ல, ஆளு மட்டும். உடம்புல காயம் ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளு உசிரோட இருந்திருப்பாருன்னு அங்க இருந்த டாக்டர் சொன்னாரு. நான் நின்ன எடத்துலருந்து கூப்பிடு தூரம் இல்லன்னாலும், ஒரு நாப்பது நிமிஷம் ஏறுனா வந்திரும்னு அந்த ஆடு மேய்க்கிறவன் சொன்னான். அவனுக்கு என்ன, அவன் அங்கயே பொறந்தவன், அவனுக்கு நாப்பது நிமிஷம்.

சாம்பலத்தான் கொண்டாந்தேன். பஞ்சவர்ணம் அழுகல. பானைய வாங்கி மடியில வெச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. அந்த உருண்டையில ஒண்ணாவது தின்னானான்னு. பை கெடைக்கலையேன்னேன். நீங்க பிரிக்க விட்டீங்களான்னு கேட்டா. எல்லாம் அவன் பையிலதான்டி இருந்துச்சு, துணி இருந்துச்சு, கேஸு இருந்துச்சு, உருண்டை பன்னண்டும் இருந்துச்சு, நான் என்ன கொறை வெச்சேன்னு கத்துனேன். அன்னையிலருந்து அவ எங்கிட்டப் பேசுறதில்ல. மூணு வருஷம். சோறு போடுவா. பெசஞ்சு ஸ்பூன் போட்டு வெச்சிருவா, எனக்குப் பெசைய முடியாதுல்ல. சட்டைக்குப் பட்டன் போட்டு விடுவா. ஆனா ஒரு வார்த்தை கிடையாது. எதுவும் வேணும்னா கோகிலாகிட்டச் சொல்லுவா, கோகிலா எங்கிட்டச் சொல்லும். போன வருஷம் கோகிலாவும் கல்யாணம் ஆகிப் போயிருச்சு. இப்ப வீட்டுல டிவி மட்டும்தான் பேசுது.

குழுவுலயும் வேற ஆளு குருசாமி ஆயிட்டாரு. விரல் இல்லாம எப்படி முடிச்சுப் போடுவேன், அதனாலதான். வேற காரணம் ஒண்ணும் இல்ல. நான் கோயில் பக்கம் போனா எந்திரிச்சு எடம் குடுக்குறாங்க. எடம் குடுத்துட்டுத் தள்ளிப் போயிருவாங்க.

போன மாசம் ஒரு போன் வந்துச்சு, இந்தியில. பக்கத்துக் கடைச் சேட்டுப் பையன்கிட்டக் குடுத்துக் கேட்டேன். இந்த வருஷம் வெயில் சாஸ்தியாம், பனி நெறய உருகியிருக்கு. ஆடு மேய்க்கிறவங்க தவமணி கெடச்ச பள்ளத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு பாறைக்கு அடியில பச்சைப் பை ஒண்ணு பாத்திருக்காங்க. பையில எங்க குழு ஸ்டிக்கரு, என் நம்பரோட. போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சிருக்கோம், வந்து வாங்கிக்கங்கன்னாங்க. நான் வீட்டுல வந்து யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம, டிவியப் பாத்துச் சொன்னேன். அவ அடுப்படியில இருந்து வந்தா. மூணு வருஷத்துல மொத வார்த்தை தம்பி. ஒண்ணாவது தின்னானான்னு பாத்துட்டு வாங்கன்னா. அவ்ளோதான். ஒரு வார்த்தைன்னாலும் எங்கிட்டச் சொன்னாளே.

போனேன். ஸ்டேஷன்ல பையக் கொண்டாந்து மேசையில வெச்சாங்க. நான் மொதல்ல என்ன பாத்தேன்னு நெனைக்கிறீங்க? முடிச்சத்தான் பாத்தேன். என் முடிச்சு. அப்படியே இருக்கு. ரெட்டை முடிச்சு, நான் போட்டது போட்ட மேனிக்கு. கூட எடுத்துட்டுப் போன தொங்குற தராசுல மாட்டச் சொன்னேன். போலீஸ்காரங்க சிரிச்சாங்க. சிரிக்கட்டும். எட்டு கிலோ இருநூத்திப் பத்து. அஞ்சு நாளு தின்னது, எரிச்சது மூணு கிலோ போக முப்பது கிராம்தான் கொறச்சல், அது துணி காஞ்சதுல போயிருக்கும். அப்ப உள்ள எல்லாம் இருக்கு. எதையும் எடுக்கல. எனக்கு ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, வெக்கத்தவிட்டுச் சொல்றேன். பாத்தீங்களா, நான் கட்டுனது அவுறல. எல்லாம் கூடவே இருந்துச்சு. அவன் எடுத்துக்கல, அதுக்கு நான் என்ன பண்ணன்னு அங்க இருந்த ஏட்டுகிட்டத் தமிழ்லயே சொன்னேன். அவருக்குப் புரியல.

வண்டி ஏறி உக்காந்து, நீங்க எதுத்தாப்ல படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்தீங்க, அப்பத்தான் அவ கேட்ட கேள்வி திரும்ப ஞாபகம் வந்துச்சு. அவ முடிச்சப் பத்திக் கேக்கல. எடையப் பத்திக் கேக்கல. ஒண்ணாவது தின்னானான்னு கேட்டா. முடிச்சு அப்படியே இருந்தா அதுக்குப் பதில் என்ன? சொல்லுங்க. அக்கா பன்னண்டு உருண்டை புடிச்சுக் குடுத்து, அதக் கூடவே வெச்சுக்கிட்டு ரெண்டு நாளு பட்டினியா உக்காந்திருந்தான், குருசாமி வந்து பிரிப்பாருன்னு. இத நான் போயி அவகிட்ட எப்படித் தம்பி சொல்லுவேன்? ரெண்டு நாளா இதத்தான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். சோறு எறங்கல.

திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு வர்றா அவ. கோகிலா போன்ல சொல்லுச்சு, அம்மா பிளாட்பாரத்துலயே வந்து பைய வாங்கிக்கிறாங்களாம்னு.

அதனால ஒரு உதவி. நான் இவ்ளோ நேரம் பேசுனது அதுக்குத்தான்னு வெச்சுக்கங்களேன். அந்த முடிச்ச அவுத்துக் குடுங்க. என் கையால ஆகாது, பாத்தீங்கள்ல. வண்டியில வேற யாருகிட்டயும் கேக்கவும் முடியாது. பைய மேல தூக்கி வைங்க. பாத்து. ம், அப்படித்தான். அந்த வெள்ளைக் கயிறுதான்.

அது என்னவா? அங்கங்க நூலு பிரிஞ்சு பஞ்சு பஞ்சா இருக்கே, அதச் சொல்றீங்களா? எலி கடிச்சிருக்கும். பல்லுத் தடமாட்டம் இருந்தா என்ன, எலிக்கும் பல்லுதான? அந்த ஏட்டும் கேட்டாரு, அவ்ளோ ஒசரத்துல எலி ஏதுன்னு. அவரு கீழ இருக்குற ஆளு, அவருக்கு என்ன தெரியும். தவமணி என் பேச்ச மீற மாட்டான் தம்பி. பிரிக்காதன்னேன், பிரிக்கல. குளுருல விரலு வெறச்சுப் போச்சுன்னாலும் அவன்... இல்ல. எலிதான். நீங்க அதப் பாக்காதீங்க, முடிச்சப் பாருங்க.

நகத்த உள்ள குடுங்க. இடது பக்க நுனி. அவசரப்படாதீங்க, அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாதுன்னு சும்மாவா சொன்னாங்க. அந்தா, கொள்ளிடப் பாலம் வருது பாருங்க, அதத் தாண்டுனா ஸ்ரீரங்கம். நேரம் இருக்கு. வந்துருச்சா? நல்ல விரலு தம்பி உங்களுக்கு. நல்லாருப்பீங்க.

உள்ள மேலாப்லயே மஞ்சப் பை இருக்கும். இருக்கா? எண்ணுங்க. பன்னண்டா? பன்னண்டும் இருக்கா? சரி. இருக்கட்டும். அதுல மூணு எடுத்து உங்க பையில போட்டுக்கங்க, எறங்கி எங்கயாச்சும் போட்டுருங்க. ரெண்டு நாளைக்கு மூணு தின்னிருப்பான்ல? வேண்டாம் வேண்டாம், நாலு வேண்டாம். நாலுன்னா அவ நம்ப மாட்டா. சின்னப் புள்ளயிலருந்தே பத்திரப்படுத்தித் தின்னுற பய.

அந்தக் கயித்த மட்டும் திரும்ப உள்ள வெச்சுராதீங்க. சன்னல் வழியா ஆத்துல போட்டுருங்க தம்பி. அத அவ பாக்க வேண்டாம்.